மீண்டும் படிக்க வருகிறோம்: நர்சிங் சேர விரும்பும் பட்டதாரிகளின் கோரிக்கைச் சாசனம்

தமிழக அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவுக்கும், இந்திய நர்சிங் கவுன்சிலுக்கும்:

நாங்கள் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். பி.இ., பி.காம்., பி.எஸ்சி. முடித்து, வேலையும் பார்த்துவிட்டு, இப்போது செவிலியராக வேண்டும் என்று மறுபடி விண்ணப்பம் எழுதுகிறவர்கள். எங்களில் பலர் பதினேழு வயதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தது, ஊர்ப் பள்ளியில் இடம் கிடைத்தது அதில்தான் என்பதால். வீட்டில் விவரம் சொல்ல ஒரு பட்டதாரியும் இல்லை. பின்னால் அப்பாவின் டயாலிசிஸுக்குத் துணைக்குப் போனபோதோ, கொரோனா காலத்தில் மருத்துவமனையில் தற்காலிக வேலை பார்த்தபோதோ, இதுதான் நமக்கான வேலை என்று கண்டுகொண்டோம்.

இரண்டாம் பட்டம் படிக்க எங்களுக்குத் தடை இல்லை. ஆனால் சேர்க்கை, உதவித்தொகை, கடன், விடுதி என்று எந்த விதியை எடுத்தாலும் பள்ளியிலிருந்து நேராக வரும் பிள்ளையை மட்டுமே மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

எங்களை அதிகம் வதைப்பது பணம். அதை முதலில் சொல்கிறோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளின்படி, ஒரு நிலைப் படிப்பை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடம் படித்தால் உதவி கிடையாது. ஒரு தொழிற்படிப்பை முடித்து இன்னொன்றுக்குப் போகிறவருக்கும் கிடையாது. கல்விக் கடனுக்கான மத்திய அரசின் வட்டி மானியம் ஒருமுறைதான். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் முதல் பட்டத்தோடு தீர்ந்துபோகிறது. ஒருவரே பொதுப்பணத்தை இருமுறை பெறக் கூடாது என்ற நியாயம் எங்களுக்கும் புரிகிறது. ஆனால் அந்த விதி யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். வசதியுள்ளவர் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுவார். பதினேழு வயதில் தவறாகத் தேர்ந்துவிட்டு அதோடு காலம் முழுக்கக் கட்டுண்டு கிடப்பது ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

ஆகவே நர்சிங், பிசியோதெரபி போன்ற மருத்துவத் துணைப் படிப்புகளுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. இங்கிலாந்தில் முதல் பட்டம் உள்ளவருக்கு இன்னொரு பட்டத்துக்கு மாணவர் கடன் பொதுவாகக் கிடைக்காது. ஆனால் நர்சிங்குக்கு 2017 முதல் விலக்கு உண்டு. பதிலுக்குச் சில ஆண்டுகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி செய்ய ஒப்பந்தம் கேட்டால் மனமாரக் கையெழுத்திடுகிறோம். அந்தப் பணி காலமுறை ஊதியத்தில் இருக்க வேண்டும், தொகுப்பூதியத்தில் அல்ல.

அடுத்தது உயிரியல். பிளஸ் டூவில் அதைப் படிக்காதவர் பி.எஸ்சி. நர்சிங் சேர முடியாது. அவருக்கு மிஞ்சுவது மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோ, அதன் மேல் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். ஆக ஐந்தாண்டு, அதுவும் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்த பிறகு. பிளஸ் டூவுக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. மருத்துவர் ஆக அது போதும் என்றால் செவிலியர் ஆகவும் போதும். தகவல் கையேட்டில் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் அச்சிடுங்கள்.

வயதும் அப்படித்தான். எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கான உச்ச வயது 2022இல் நீக்கப்பட்டது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு 35 வயது வரம்பு இன்னும் நிற்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தன் படிப்பைப் பற்றி நினைக்க ஒரு பெண்ணுக்கு நேரம் கிடைக்கும் வயது அது. வரம்பை நீக்குங்கள்.

பாடத்திட்டம் பற்றியும் ஒரு சொல். முதல் ஆண்டில் ஆங்கிலம், உளவியல், சமூகவியல், உயிர்வேதியியல், தகவல் தொழில்நுட்பம் உண்டு. இவற்றில் ஒன்றைப் பட்டப்படிப்பிலேயே படித்துத் தேறியவரை மறுபடி அதே வகுப்பில் உட்கார வைப்பதில் யாருக்கும் பயன் இல்லை. அந்தத் தாள்களுக்கு விலக்குத் தாருங்கள். வார்டில் நிற்கும் நேரத்தில் மட்டும் ஒரு மணிகூடக் குறைக்கக் கேட்கவில்லை. குறைப்பதாகச் சொன்னாலும் மறுப்போம். ஊசி போடுவதும், படுக்கைப் புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும், நள்ளிரவில் மூச்சு மாறுவதைக் கவனிப்பதும் முதல் பட்டத்திலிருந்து கொண்டுவரக்கூடிய அறிவல்ல.

விடுதியில் தங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கைக்குழந்தை உள்ள தாய்க்குப் பொருந்தாது. வீட்டிலிருந்து வந்துபோக அவருக்கு அனுமதி வேண்டும்.

அடுத்த கல்வியாண்டின் தகவல் கையேடு வெளியாகும் முன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்துமூலம் பதில் தாருங்கள். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.