ரெசிப்ட், டெப்டார், இஸ்கூல்

சில இங்கிலீஷ் வார்த்தைகளைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இது ஒரு வியாதி.

"ஏடிஎம் மெஷின்" (எம் என்றாலே மெஷின்தானே ஐயா!). "ரிடர்ன் பேக் பண்ணிடுங்க." "அதைப் பத்தி டிஸ்கஸ் அபௌட் பண்ணலாம்." "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" (ஒரு ஆளா, பல பேரா, முடிவு பண்ணுங்கப்பா). எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் ராயபுரத்தில் பஸ் ஏறியதும் கண்டக்டர் வாயில் வரும் "நடு சென்டர்ல நிக்காத, உள்ள போ". நடுவும் அதுதான், சென்டரும் அதுதான். இப்படி மனசுக்குள் திருத்திக்கொண்டே வருவதில் பல நாள் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டிருக்கிறேன்.

"ப்ரீபோன்" என்று யாராவது சொன்னாலும் கோபம் வரும். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது, நம்ம ஆட்கள் கட்டிவிட்டது என்று நாலு பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அப்புறம் பார்த்தால் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. 1913-லேயே நியூயார்க் டைம்ஸுக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்தில் அந்த வார்த்தை இருக்கிறதாம். ஹி ஹி. அந்த நாலு பேரும் மன்னிக்கவும்.

சிரிப்பு இதோடு போதும். சொல்ல வந்தது வேறு.

பி.காம். இரண்டாம் வருஷம். அக்கவுண்ட்ஸ் வகுப்பில் ஒரு பெரிய கணக்கைப் போர்டில் போட என் நண்பனைக் கூப்பிட்டார்கள். காசிமேட்டுப் பையன். பத்தாவது வரை தமிழ் மீடியம். சத்தமாக வாசித்துக்கொண்டே எழுதினான். "சன்ட்ரி டெப்டார்ஸ்" என்றான். வகுப்பில் ஒரு சின்ன சலசலப்பு. அடுத்து "கேஷ் ரெசிப்ட்ஸ்" என்றான். கொல்லென்று சிரிப்பு. அதில் முதல் சிரிப்பு என்னுடையது. அவன் மீதியை வாய் திறக்காமல் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு வகுப்பிலேயே பேலன்ஸ் ஷீட் டேலி ஆனது அவனுக்கு மட்டும்தான். எனக்கு அறுநூறு ரூபாய் இடித்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் போர்டு பக்கம் போகவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா, "டேய், அந்த ரெசிப்ட்ட இங்கதான வெச்சேன், பாத்தியா?" என்றார். சுருக்கென்றது. அப்பாவுக்கு ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை. ஹார்பர் கேட்டுக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் இருபது வருஷமாக அலைகிறவர். டெமரேஜ் என்றால் என்ன, பில் ஆஃப் லேடிங் எதற்கு என்பதெல்லாம் புத்தகத்தில் வருவதற்கு முன்பே எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அவர் வாயில் அது எப்போதும் ரெசிப்ட்தான். வீட்டில் ஒருநாளும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. வகுப்பில் மட்டும் எப்படி வந்தது?

உறுத்தல் தாங்காமல் அந்த இரண்டு வார்த்தைகளையும் தேடிப் பார்த்தேன். பழைய இங்கிலீஷில் கடனுக்கு 'டெட்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள், நடுவில் 'பி' கிடையாது. ரசீதுக்கான வார்த்தையிலும் 'பி' இல்லாமல்தான் எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு வந்த படிப்பாளிகள், இவை லத்தீனிலிருந்து வந்தவை என்று காட்டுவதற்காக ஆளுக்கொரு எழுத்தைச் சொருகிவிட்டார்கள். எழுதியதோடு சரி, யாரும் அதை உச்சரிக்கவில்லை. ஆக, தப்பு பண்ணியது அந்தப் பண்டிதர்கள். என் நண்பன் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி படித்தான், அவ்வளவே.

'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' கதையும் இப்படித்தான். எங்கள் ஆயா இரண்டையும் இப்படியேதான் சொல்லும். தமிழில் ஒரு வார்த்தை இரண்டு மெய்களோடு சேர்ந்து தொடங்காது. எந்தெந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ராமனை இராமன் ஆக்கியதும் லோகத்தை உலோகம் ஆக்கியதும் அந்தப் பழக்கம்தான். அதைப் புலவர் செய்தால் இலக்கணம், ஆயா செய்தால் காமெடியா? சரி, தமிழை விடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஸ்பானிஷ்காரர் சொல்வது 'எஸ்குவேலா'. பிரெஞ்சுக்காரரும் ஒரு காலத்தில் 'எஸ்கோல்' என்று சொல்லித்தான் இப்போது 'எகோல்' என்கிறார். எல்லாம் அதே லத்தீன் வார்த்தை, முன்னால் அதே மாதிரி ஒட்டவைத்த ஓர் உயிரெழுத்து. அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் காணோம்.

நம்மிடமிருந்து வார்த்தை வாங்கியவர்கள் மட்டும் ஒழுங்கா? எங்கள் கடற்கரையின் கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' ஆக்கினார்கள். சத்தம் போனது போகட்டும், அர்த்தத்தையும் மாற்றிவிட்டார்கள். கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது நம்முடையது. அவர்களுக்கு அது இரண்டு உடல் வைத்த சொகுசுப் படகு. காசிமேட்டில் வந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும், தெரியும் சேதி.

அப்படியானால் எல்லாத் தப்பும் சரி என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை மக்களே. கோபப்பட வேண்டிய தப்பு ஒன்று இருக்கிறது.

திருவொற்றியூரில் இருக்கும் என் அத்தை, பக்கத்து வீட்டுக்காரருடைய ஆட்டோ லோனுக்கு ஒரு கையெழுத்துப் போட்டது. "சும்மா சாட்சிக் கையெழுத்துதாம்மா" என்று சொல்லி வாங்கியவர் ஃபைனான்ஸ் ஆள். ஃபாரம் முழுக்க இங்கிலீஷ். கையெழுத்துக்குக் கீழே இருந்த வார்த்தை 'கேரண்டர்'. சாட்சி வேறு, ஜாமீன்தாரர் வேறு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. எங்களுக்கு இது பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. ஆட்டோக்காரர் தவணை கட்டாமல் விட்டதும் அத்தை வீட்டுக்கு லெட்டர் வந்தது. சீட்டு எடுத்த பணம் அதற்கே போனது.

அந்த ஃபைனான்ஸ் ஆளின் உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. பளிச்சென்ற இங்கிலீஷ். அத்தைதான் இன்றைக்கும் 'கேரண்ட்ரு' என்கிறது. இரண்டு பேரில் வார்த்தையைத் தப்பாகப் பயன்படுத்தியது யார்?

என் கட்சி இதுதான். சத்தம் பிசகினால் யாருக்கும் நஷ்டமில்லை, வேண்டுமானால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். அர்த்தத்தைப் பிசகிச் சொல்கிறவரை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்க வேண்டும். நாம் சரியாகத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

போன வாரம் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "இன்னாத்துக்கு இப்ப? வுடு மச்சி" என்றான். அவன் விட்டுவிட்டான். ஆனால் நேற்றும் சார் கூப்பிட்டபோது தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தான்.

டிஸ்கி: இவ்வளவும் சொன்னதால் 'நடு சென்டரை' மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அது மட்டும் முடியாது.