வாடும் மலரே காணிக்கை



நமது பிழையொன்றை ஒப்புக்கொண்டு இம்மாதச் சிந்தனையைத் தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பீடத்தின் இருபுறமும் வைப்பதற்காகப் பிளாஸ்டிக் மலர்க்கொத்துகள் வாங்கினோம். வாரந்தோறும் ஆகும் பூச்செலவு மிச்சமாகும் என்பது நமது கணக்கு. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், கோவில் வாசலில் பூக்கட்டி விற்கும் கைம்பெண் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, பீடத்துக்கு வாடாத பூ வாங்கியாச்சுன்னு சொன்னாங்க. நல்லதுதான். வாடுற பூவை நம்பித்தான் எங்க வீட்டு அடுப்பு எரியுது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நமக்கோ மறுமொழி கூற நா எழவில்லை.

புளியங்குடியை எலுமிச்சை ஊர் என்று உலகம் அறியும். அண்டையிலுள்ள சங்கரன்கோவிலோ பூச்சந்தைக்குப் பெயர் பெற்றது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் விடியுமுன் மொட்டுப் பறிக்கும் கைகளும், சந்தையில் விலை கூறும் கைகளும், திண்ணையில் அமர்ந்து சரம் தொடுக்கும் கைகளும் எத்தனை எத்தனை! தெற்கே குமரி மாவட்டத் தோவாளையில் அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கோக்கும் மாணிக்கமாலை, 2025ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய கைத்திறன் வாழும் நாட்டில், எங்கோ ஓர் ஆலை அச்சில் வார்த்த பூவை ஆண்டவர் திருமுன் வைப்பது முறையாகுமா?

திருச்சபையும் இதுபற்றி மௌனமாக இல்லை. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 305ஆம் எண், மலர் அலங்காரம் அளவோடு இருக்க வேண்டும் என்றும், மலர்களைப் பீடத்தின் மேல் அல்ல, அதைச் சுற்றியே வைக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. தவக்காலத்தில் அதன் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாகப் பீடத்திற்கு மலரே கூடாது. ஆலய அலங்காரத்தில் பொருள்கள் உண்மையானவையாக இருப்பதில் கருத்தூன்ற வேண்டும் என்பது 292ஆம் எண்ணின் அறிவுரை. ஆண்டு முழுதும் நிற்கும் பிளாஸ்டிக் பூவுக்குத் தவக்காலமும் தெரியாது, பாஸ்காவும் தெரியாது. அதன்மேல் தூசி மட்டுமே ஏறும். நாம் வாங்கிய கொத்துகளும் சில மாதங்களில் நிறம் வெளிறின. அவை மட்கி எருவாகா. எரித்தாலோ நச்சுப்புகை எழும்.

திருமண வீட்டாருக்கும் ஒரு சொல். வரவேற்பு மேடைக்குப் பூச்செருகும் பச்சைநிறப் பஞ்சுக்கட்டியைக் கண்டிருப்பீர்கள். ஓயாசிஸ் என்பார்களே, அதுவே. அதுவும் ஒருவகைப் பிளாஸ்டிக்கே. அது நொறுங்கி நுண்துகளாகி நீரில் கலக்கும்போது நீர்வாழ் சிற்றுயிர்கள் அதனை உண்கின்றன என்றும், அதிலிருந்து நச்சுப்பொருள்கள் கசிகின்றன என்றும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இலண்டனில் செல்சி மலர்க்காட்சி நடத்தும் அரச தோட்டக்கலைக் கழகம், 2021 முதல் தன் காட்சிகளில் அதனை விலக்கிவிட்டது. நம் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்த பொருள்களுள், திருவிழாத் தோரணங்களில் நாம் கட்டிவந்த பிளாஸ்டிக் கொடியும் ஒன்று. பிளாஸ்டிக் பூ அப்பட்டியலில் இல்லை. ஆயினும், சட்டம் தடுத்தால்தான் விடுவோம் என்பது விசுவாசிகளுக்கு அழகா? ஒரு மாலைப்பொழுதின் மேடைக்காகக் கடன்பட்டு, மறுநாள் அத்தனையையும் குளக்கரையில் கொட்டுவது யாருக்குப் பெருமை?

மாற்றுவழிகள் நம் கையருகிலேயே உள்ளன. குருத்து ஞாயிறன்று ஓலை பின்னத் தெரிந்த நம் இளைஞருக்குத் தென்னங்குருத்துத் தோரணம் அரிதன்று. வாயிலுக்கு வாழைமரமும் மாவிலையும் போதும். நைலான் நூலை விடுத்து வாழைநாரில் தொடுக்கச் சொல்லுங்கள். மண்பானையுள் கம்பிவலையைச் சுருட்டி வைத்து நீர் ஊற்றினால் பூந்தண்டுகள் நிமிர்ந்து நிற்கும், பஞ்சுக்கட்டி வேண்டாம். முகூர்த்த நாள்களில் மல்லிகை விலை ஏறினால் இலையைக் கூட்டிப் பூவைக் குறையுங்கள். நெடுநாள் நிற்கும் பூ வேண்டுமா? இறைவன் படைத்த வாடாமல்லி இருக்கிறது. விழா முடிந்ததும் நூலையும் சரிகையையும் நீக்கி, பூக்களைச் சருகோடும் சாணத்தோடும் குழியிலிட்டால் சில மாதங்களில் எருவாகும். அரளியை மட்டும் ஆடுமாடு மேயுமிடத்தில் போடாதீர்கள். அது அவற்றுக்கு நஞ்சு.

அப்பிளாஸ்டிக் கொத்துகளை அகற்றிவிட்டோம். இப்போது அன்பியங்கள் முறைவைத்து, வாசலில் கட்டும் பூவையே வாங்கிப் பீடத்திற்குத் தருகின்றன. செலவு கூடத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அச்செலவு ஓர் ஏழை வீட்டு அடுப்பில் சோறாகிறது.

உருகுவதால் மெழுகுதிரி காணிக்கையாகிறது. வாடுவதால் மலரும் அவ்வாறே. தன்னைத் தராத பொருளுக்குப் பலிபீடத்தருகே என்ன வேலை? வயல்வெளி மலர்களைக் காட்டிப் போதித்த நம் ஆண்டவர், வாடிவிடும் என்பதற்காக அவற்றை இகழவில்லை. சாலமோனின் பட்டாடையினும் மேலாகவே வைத்தார். வருகின்ற திருவிழாவில் நம் சப்பரம் சற்று எளிமையாகத் தோன்றினால் முகம் சுளிக்காதீர்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு பூவையும், அன்று காலையில் ஒரு தாயின் விரல்கள் தொடுத்திருக்கும்.