மூன்றாம் தவணையின் கடைசி நாள்



சென்ற மாதம் சேமிப்புக் குழுக்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "பாடசாலையில் ஒளி விழாவுக்கும் பிரியாவிடைக்கும் காசு கேட்கிறார்கள். இல்லாதவள் பிள்ளையை என்ன சொல்லி அனுப்புவது?" என்பது அவருடைய கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஒரு காலத்தில் அப்படிக் காசு கேட்டவளே நான்தான்.

கொக்கிளாயில் மார்கழி என்றால் மழை. களப்பு நிறைந்து கலங்கிக் கிடக்கும். வாடைக் கடல் கொந்தளிப்பதால் பல நாட்கள் தொழிலுக்கு இறங்க முடியாது. வீடுகளில் காசு வறண்டு போயிருக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் மூன்றாம் தவணை முடியும். தேர்ச்சி அறிக்கை, ஒளி விழா, ஆசிரியருக்குப் பிரியாவிடை, புது வருடத்துக் கொப்பிகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். நம் நாட்டில் 1945 இலிருந்து கல்வி இலவசம். 1980 இலிருந்து பாடப் புத்தகமும், 1993 இலிருந்து சீருடைத் துணியும் இலவசம். ஆனாலும் ஐந்நூறு ரூபாய் இல்லாத தாய்க்கு வருட முடிவு ஒரு பயம்தான்.

நாங்கள் மீள்குடியேறி சில வருடங்கள் கழித்து, 2014 மார்கழியில், ஒளி விழாச் சாப்பாட்டுக்கு காசு சேர்க்கும் பொறுப்பை தாய்மார் என்னிடம் தந்தார்கள். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். கொடுத்தவர்களின் பெயரை ஒரு பெரிய தாளில் எழுதி, என் வீட்டு விறாந்தையில் ஒட்டினேன். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன். ஆனால் அந்தத் தாளில் யாருடைய பெயர் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி இருந்தாள். 2009 இல் கணவர் காணாமல் போனவர். நண்டு வலை தெரிந்து சீவிக்கிறவள். அவளுடைய மகன் கரோல் குழுவில் பாடுகிறவன். மூன்று நாளாகப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று பார்க்கப் போனேன். வாசலில் நின்றபடியே அவள் சொன்னாள்: "காய்ச்சல் இல்லை அக்கா. உங்கட தாளிலே எங்கட பேர் இல்லை. அவன் எழுத்துக் கூட்டி வாசிச்சுப் போட்டான்."

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1984 நினைவுக்கு வந்தது. அந்த மார்கழியில் எனக்கு ஒன்பது வயது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனமெல்லாம் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். சோதனை எழுதியிருந்தேன், தேர்ச்சி அறிக்கை கைக்கு வரவில்லை. போன இடத்துப் பாடசாலையில் அதைக் கேட்டார்கள். இல்லையென்றதும் பழைய வகுப்பிலேயே மறுபடி இருத்தினார்கள். தாள் ஒன்று பிள்ளையை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நானே ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தேன்.

இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் இருந்தார். 1977 கலவரத்தில் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. நாங்கள் அவரைத் தாத்தா என்போம். கண்டிப் பக்கம் பெனடிக்ற் சபைத் துறவிகள் நடத்திய ஒரு பாடசாலையில் குசினி வேலை செய்தவர். ஒவ்வொரு மார்கழியும் ஒரு கதையைச் சொல்லுவார். வருடக் கடைசியில் விடுதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக முதல் நாள் இரவு எல்லோருக்கும் ஒரு சாப்பாடு. அன்றைக்குக் குசினிக்காரரை வாங்கில் இருத்திவிட்டு, சாமிமாரே கறி வாளி தூக்கிப் பரிமாறுவார்களாம். "பெரிய சாமிக்கு அளவு தெரியாது, சோத்தை மலையாக் குவிச்சுப்புடுவாரு" என்று சிரிப்பார்.

அது சும்மா ஒரு நாள் வேடிக்கை இல்லை என்று பிறகு வாசித்து அறிந்தேன். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்தவர் பெனடிக்ற். தமிழில் புனித ஆசீர்வாதப்பர் என்பார்கள். தன் மடத்துக்கு அவர் எழுதிய ஒழுங்கு நூலில் அடுப்படி வேலைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நோயாளிகளையும் பெரிய பொறுப்பில் உள்ளவர்களையும் தவிர, ஒருவருக்கொருவர் முறை வைத்து, வாரத்துக்கு வாரம் பரிமாற வேண்டும். பலவீனமானவர் மனம் நோகாமல் செய்வதற்கு உதவியாள் கொடுக்க வேண்டும். முறை முடிகிறவர் துவாய்களைத் தோய்த்துப் பாத்திரங்களைத் துப்புரவாக ஒப்படைக்க வேண்டும். காசைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. இந்தச் சபையார் 1845 இல் இலங்கைக்கு வந்தார்கள். 1854 இல் தொடங்கிய கண்டி புனித அந்தோனியார் கல்லூரி அவர்கள் நடத்தியது. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் படித்த பாடசாலை என்றால் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான். மொன்ரே கசினோ மலையில் இருந்த அவர்களுடைய தாய் மடம் ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் அழிக்கப்பட்டது. ரோமாபுரிக்கு ஓடினார்கள். அந்த மலைக்குத் திரும்ப நூறு வருடத்துக்கும் மேல் சென்றது. 883 இல் மறுபடி எரிந்தது. 1349 இல் நிலநடுக்கம். 1944 மாசி 15 ஆம் திகதி விமானங்கள் குண்டு போட்டன. உள்ளே தஞ்சம் புகுந்திருந்த ஊர்ச்சனம் பலர் செத்தார்கள். 1995 ஆடியில் நவாலித் தேவாலயத்தில் நடந்ததை அறிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. திரும்பக் கட்டி 1964 இல் மறுபடி அர்ச்சித்தார்கள். கட்டடம் இல்லாத காலங்களிலும் அவர்கள் மடமாகவே இருந்தார்கள். போன இடத்தில் மணி அடித்து, ஒன்றாகச் சாப்பிட்டு, முறை மாறிச் சமைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

விடிந்ததும் தாளைக் கிழித்தேன். தாய்மாரைக் கூப்பிட்டு, காசைத் திருப்பித் தரப் போகிறேன் என்றேன். சிலருக்குக் கோபம். "குடுத்தது குடுத்ததுதானே, பிறகேன் கரைச்சல்?" என்றார்கள். அது நியாயமான கேள்விதான். அரிசிக்கும் கோழிக்கும் முற்பணம் கொடுத்தாயிற்று. கடைசியில், கொடுத்த காசு இருக்கட்டும், இனிமேல் யாரிடமும் கேட்பதில்லை, வேலையை மட்டும் முறை போட்டுப் பிரிப்பது என்று முடிவாயிற்று. விறகு, தண்ணீர், தேங்காய் துருவல், பரிமாறல், கிடாரம் கழுவல். காசு கொடுத்தவர்களும் கழுவ வேண்டும். பாலன் குடில் கட்டும் வேலையைச் சைவப் பிள்ளைகளின் அம்மாமார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நண்டு வலைத் தங்கச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஒளி விழாவன்று விடிய நாலரை மணிக்கு மழைக்குள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். ஈர விறகை எரிய வைக்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. பொச்சை உடைத்து, பழைய வலைத் துண்டை அடியில் வைத்து மூட்டினாள். மகன் கரோலில் முன்வரிசையில் நின்று பாடினான். மத்தியானம் பரிமாறும்போது நான் அவளை வாங்கில் இருத்தப் பார்த்தேன். "இண்டைக்கு என்ர முறை அக்கா, நீங்கள் இருங்கோ" என்று அகப்பையைத் தரவே இல்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் பாடசாலைத் தாய்மார் கூட்டத்தில் காசைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அது பிச்சை கேட்பதுபோலாகிவிடும். முறை போடச் சொல்லுங்கள். முதல் பெயராக உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள், கிடாரம் கழுவ. யார் காசு கொடுத்தார் என்ற கணக்கு ஒரு கொப்பிக்குள் இருக்கட்டும். சுவரில் வேண்டாம். கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.