ஐப்பசி 10-க்கு யாரும் நேரம் தேடுவதில்லை

சென்னை, கோவைப் பக்கமிருந்து இங்கே வருகிற சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லாமல் போவதில்லை. "கோயிலுக்குப் போகவே நேரம் இல்லைங்க. ஆபீஸ், டிராபிக், பிள்ளைங்க படிப்புன்னு ஓடுது. உங்களுக்கென்ன, மலையில நிம்மதியா இருக்கீங்க. சாமி கும்பிட நேரம் கிடைக்கும்."

முதல்ல இந்த நிம்மதிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பறித்த பச்சைத் தேயிலை அன்றைக்கே பேக்டரிக்குப் போயாகணும். மூட்டையில் கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். பறிப்புச் சுற்று நாலு நாள் தள்ளிப்போனால் இலை முத்திப்போகும், முத்தின இலைக்கு விலை இல்லை. ஐப்பசியில் வயலில் நெல் கதிர் விட ஆரம்பிக்கும்போது யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்த வாசம் நமக்கு முன்னாடியே தெரிந்துவிடும். ராத்திரி பரணில் உட்கார்ந்து காவல் காக்கணும். விடிந்ததும் மறுபடி தோட்டம். கூடலூர் விவசாயிக்கும் பொழுது உங்களைப் போலத்தான் ஓடுகிறது. பையில் செல்போன் வேறு இருக்கிறது.

ஆனாலும் இங்கே ஐப்பசி 10-ஆம் தேதிக்கு யாரும் நேரம் தேடுவதில்லை. அன்றைக்குப் பூப்புத்தரி. புத்தரி என்றால் புது அரிசி. பணியர், குறும்பர், செட்டி சமூகத்தார் சேர்ந்து கொண்டாடுகிற கதிர் திருவிழா. புத்தூர்வயலில் விரதம் இருந்தவர்கள் வயலில் இறங்கி முதல் கதிரை அறுப்பார்கள். பாரம்பரிய இசையோடு கதிர்க்கட்டுகளைக் கோயிலுக்கு எடுத்துப்போய், பூஜை முடிந்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். நம்பாலக்கோட்டை வேட்டைக்கொருமகன் கோயிலுக்கும் கதிர் போகும். வாங்கினவர்கள் அதை வீட்டில் சாமி மாடத்திலோ நெல் வைக்கிற இடத்திலோ வைப்பார்கள். இது முடிந்த பிறகுதான் அறுவடைப் பேச்சே.

அந்த நாள் செவ்வாயா ஞாயிறா என்று யாரும் கேட்பதில்லை. தேயிலை விலை ஏறியிருக்கிறதா, மழை விட்டதா என்றும் கேட்பதில்லை. தேதி முதலில் நிற்கிறது, மற்ற வேலையெல்லாம் அதைச் சுற்றி நகர்ந்துகொள்கிறது. "நேரம் கிடைக்கும்போது சாமி" என்று வைத்திருந்தால் இந்தத் திருவிழா என்றைக்கோ நின்றுபோயிருக்கும். நேரம் தானாகக் கிடைப்பதே இல்லை. முன்கூட்டி நட்டுவைத்த நாளுக்குத்தான் நேரம் வளைந்து கொடுக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கதிர் அறுக்கிறவர் வரவில்லை என்றால் இசைக்கிறவர் சும்மா நிற்பார். கதிர் வரவில்லை என்றால் ஒரு வீட்டில் மாடம் காலியாக இருக்கும். ஒருத்தர் வருவதை இன்னொருத்தர் எதிர்பார்க்கிறார். தனியாக எடுத்த உறுதிமொழியை மூன்றாம் நாள் நாமே ரத்து செய்துகொள்ளலாம், கேட்க ஆளில்லை. நாலு பேரோடு சேர்ந்து வைத்த நாளை அப்படித் தள்ள முடியாது.

இது ஒரு சமூகத்துக்கு மட்டும் உரிய விஷயமில்லை. கார்த்திகை பிறந்தால் இங்கே டிரைவர், கொத்தனார், கடைக்காரர் என்று எத்தனையோ பேர் மாலை போடுகிறார்கள். 41 நாள் விரதம். அத்தனை நாளும் யாரும் வேலைக்கு லீவு போடுவதில்லை. அதே வண்டி, அதே சாந்துக்கரண்டிதான். ஆனால் காலையும் மாலையும் குளித்து சரணம் சொல்கிற நேரம் பூட்டுப்போட்ட மாதிரி நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மதியம் பஜாரில் ஜும்ஆவுக்குப் போகிற கடைக்காரர் வாடிக்கையாளர் நிற்கிறார் என்று தொழுகையைத் தள்ளிவைப்பதில்லை, கடையைத்தான் கொஞ்சநேரம் சாத்துகிறார். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தைத் தேயிலை பறிக்கக் கூப்பிட்டுப் பாருங்கள், "திங்கக்கிழமை வர்றோம்" என்பார்கள். சாமி வேறு, வழி ஒன்றுதான்.

"கடவுள் மனசுல இருந்தா போதாதா, நாளும் கிழமையும் எதுக்கு?" என்று கேட்பீர்கள். மனசில் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் என் மனசில் இஞ்சி அழுகல் நோயும் இருக்கிறது, பேங்க் தவணையும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் சத்தம் போடாமல் ஓரமாக நிற்கிறவர் சாமிதான். அவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவது ரொம்பச் சுலபம். அவருக்கென்று ஒரு நாள், ஒரு இடம், நாலு ஆட்கள் இருந்தால் தள்ள முடியாது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நேரம் ஒதுக்கணும் என்றால் நேரம் முதலில் நம்முடையதாக இருக்கணும். பக்கத்து வயநாட்டில், மானந்தவாடிக்கு அருகே வள்ளியூர்க்காவு பகவதி கோயில் இருக்கிறது. பங்குனி வாக்கில் திருவிழா. ஒரு காலத்தில் அந்தத் திருவிழாவில்தான் நிலக்காரர்கள் முன்பணம் கொடுத்துப் பணியர்களை ஒரு வருஷ வேலைக்குப் பிடித்தார்கள். வாங்கினவர் அந்த வருஷம் முழுக்க அவரிடம்தான் உழைக்கணும், பகவதி சாட்சி. சாமி கும்பிட வந்த இடத்திலேயே ஒரு மனுஷனுடைய 12 மாதத்தை எழுதி வாங்கிவிட்டார்கள். கொத்தடிமை முறையை நாடு முழுக்க ஒழிக்கிற சட்டம் 1976-இல்தான் வந்தது. அவர்களுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எஸ்டேட் கதையும் அப்படித்தான். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்பதைத் தோட்டத் தொழிலாளிக்குச் சட்டத்தில் எழுதினது 1951-இல், தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் ஆரம்பித்தது. டான்டீ அப்படி வந்ததுதான். கடல் தாண்டி வந்த அந்த ஜனங்கள் இங்கேயும் லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மனுக்கு இடம் பிடித்தார்கள். நாள் பூராவும் மேஸ்திரி குரலுக்கு நடந்தவர்களுக்கு, திருவிழா அன்றைக்கு மட்டும் யாரும் பெயர் கூப்பிட்டுக் கணக்குப் பார்க்க முடியாது. சாமிக்கு ஒதுக்கின நேரம் அவர்கள் தங்களுக்கே மீட்டுக்கொண்ட நேரமும்தான்.

உங்களை யாரும் முன்பணம் கொடுத்துப் பிடிக்கவில்லை. ஆனால் ராத்திரி 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் மேனேஜர் கூப்பிட்டால் எழுந்து உட்காருகிறீர்கள். அந்த நேரம் யாருடையது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இங்கேயும் எல்லாம் பத்திரமாக இல்லை. நெல் விளைந்த வயல்கள் வாழையாகவும் இஞ்சியாகவும் மாறிக்கொண்டு வருகின்றன. நெல்லில் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாதபோது மாற்றினவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கதிர் திருவிழாவுக்குக் கதிர் வேண்டும், கதிருக்கு வயல் வேண்டும். தேதி மட்டும் காலண்டரில் நின்று, வயல் போய்விட்டால், ஒரு நாள் கதிரையும் கடையில் வாங்க வேண்டி வரும். நம்பிக்கைக்கு நேரம் மட்டும் போதாது, அது ஊன்றி நிற்க மண்ணும் வேண்டும். அதனால் இன்னும் நெல் போடுகிறவர்களை ஆதரிக்கிறதும் எனக்குச் சாமி காரியம்தான்.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு வயல் இல்லை, சரி. ஒரு நாளை நடலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். பிரதோஷமோ, வெள்ளிக்கிழமையோ, ஞாயிறு காலையோ, உங்கள் வழி எதுவோ அது. "முடிந்தால் போவோம்" என்று வைக்காமல், பக்கத்து வீட்டையும் சேர்த்து, "ஆறு மணிக்குக் கீழே நிற்கிறோம்" என்று சொல்லிவையுங்கள். இரண்டு வீடு சேர்ந்துவிட்டால் பாதிக் கோயில் கட்டின மாதிரி.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும், வண்டி ஓட்டுகிற தம்பிக்கும் ஒரு சாமி இருக்கும், அவர்கள் ஊரில் ஒரு திருவிழா நாள் இருக்கும். அது எந்த நாள் என்று இப்பவே கேட்டு உங்கள் காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்குக் கூலி பிடிக்காமல் லீவு கொடுங்கள். இங்கே தோட்டத்தில் ஐப்பசி 10 அன்றைக்கு இலை பறிப்பு கிடையாது. அந்த வாரம் இலை கொஞ்சம் முத்தும், முத்தட்டும்.