விருந்தாளிக்கு ஓட்டு இல்லை

தேசம் கரைஞ்சு போகுது, இனி தேசம் கடந்த குடியுரிமைதான், பொழைக்கப் போனவங்க பாடு தீர்ந்துடும் என்று 90களில் ஐரோப்பாவில் சிலர் பேசினார்கள். தீர்ந்ததா?

1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் கை தேவைப்பட்டது. வந்தவர்களுக்கு வைத்த பேர் ‘விருந்தாளித் தொழிலாளி’. விருந்தாளி என்றால் வேலை முடிந்ததும் கிளம்பணும். உரிமை கிரிமை கேட்கக் கூடாது. பலர் கிளம்பவில்லை. அங்கேயே பிள்ளை பெற்றார்கள். 1913ஆம் ஆண்டுச் சட்டமோ குடியுரிமையை ரத்தத்தில் வைத்திருந்தது. 2000 வரை, அந்த மண்ணில் பிறந்த பிள்ளையும் பிறப்பால் அந்நியப் பிள்ளைதான்.

எட்டு வருசம் குடியிருந்த அந்நியர்கள் வட்டார மன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று ஹாம்பர்க் சட்டம் செய்தது. 1990இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ‘மக்கள்’ என்றால் ஜெர்மன் மக்களாம்.

1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் ஐரோப்பியக் குடியுரிமையை உண்டாக்கியது. உடனே அதே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. நேற்று வந்த ஸ்பானியருக்கு உள்ளாட்சியில் ஓட்டு. முப்பது வருசம் உழைத்த துருக்கியருக்கு இல்லை. அதே 1992 நவம்பரில் மோல்னில் துருக்கியர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பேர் செத்தார்கள். 1993 மேயில் சோலிங்கனில் ஐந்து பேர். எட்டுப் பேரும் பெண்கள், சிறுமிகள்.

சரி, உள்ளே இருப்பவர்களுக்காவது பாதுகாப்பு உண்டா? ருமேனியாவும் பல்கேரியாவும் 2007இல் ஒன்றியத்தில் சேர்ந்தன. 2010இல் அந்நாடுகளின் ரோமா மக்களுடைய குடியிருப்புகளைப் பிரான்ஸ் இடித்தது, திருப்பி அனுப்பியது. ஐரோப்பியக் குடியுரிமை அவர்கள் கையில்தான் இருந்தது. 2020இல் பிரிட்டன் வெளியேறியது. பிரான்சில் வருசக்கணக்கா வாழ்ந்த பிரிட்டிஷ்காரர்களின் உள்ளாட்சி ஓட்டும் போனது. ஆக, தேசம் கடந்த குடியுரிமையின் கயிறு தேசத்தின் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்வீடன் 1976 தேர்தலிலேயே, மூன்று வருசம் குடியிருந்த அந்நியர்களுக்கு உள்ளாட்சி ஓட்டுக் கொடுத்தது. அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் குடியிருந்தால் போதும். எந்த நாட்டவர் என்று கேட்பதில்லை. இதைச் செய்ய ஒன்றியம் தேவைப்படவில்லை.

எனவே தேசமா, தேசம் கடந்ததா என்பதல்ல கேள்வி. உரிமைக்கு அளவுகோல் பிறப்பா, வாழ்வா? யாருக்குப் பிறந்தாய் என்று கேட்கிற எந்தக் குடியுரிமையும், அது கண்டம் அளவுக்கு விரிந்தாலும், சேரிக்கு வெளியே போட்ட வேலிதான். வேலியை அகலப்படுத்துவது விடுதலை ஆகாது, தோழர்களே. உழைக்கிற இடத்தில் உரிமை. அதுக்குக் குறைஞ்சு எதையும் ஒத்துக்க முடியாது.