நடைன்னா நடக்கறது மட்டும்தானா?

முதல்லயே சொல்லிடறேன், இது கோபத்துல எழுதற பதிவு.

அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா. இங்கிலீஷ் டெஸ்ட்ல 'பேசேஜ்' என்ற சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் கேட்டிருக்காங்க. இவ 'நடை'ன்னு எழுதியிருக்கா. சிவப்பு மையில தப்பு! 'பத்தி'தான் சரியாம். கேட்கப் போன அக்காவிடம், "நடைன்னா வாக்கிங்தானேம்மா"ன்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க.

புள்ள அதைக் கற்பனை பண்ணி எழுதலைங்க. ஈஸ்வரன் கோயில் வீதியில எங்க ஆயா வீடு. திண்ணை ஏறி, தலைவாசல் தாண்டினா முற்றத்துக்குப் போற வழிக்குப் பேரு நடை. "நடையில செருப்பை விடாதே"ன்னு ஆயாகிட்ட திட்டு வாங்காத பேரப்பிள்ளையே கிடையாது.

போனது ஒரு மார்க்குதான், போகட்டும். என் கோபம் நம்ம மேலேயே. இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு பழைய அர்த்தம் கிடைச்சா, "ஆகா, எவ்வளவு வளமான மொழி!" என்கிறோம். அதே சமாச்சாரம் தமிழில் இருந்தா, பழம்பஞ்சாங்கம்!

இங்கிலீஷ்லயே பாருங்க. 'என்ட்ரி'ன்னா உள்ளே நுழையறது மட்டுமில்லை, ரெண்டு வீட்டுக்கு நடுவுல போற சந்தும்தான். பெல்ஃபாஸ்ட்ல 'ஜாய்ஸ் என்ட்ரி', 'பாட்டிஞ்சர்ஸ் என்ட்ரி'ன்னு சந்துகளுக்கு இன்னிக்கும் அதான் பேரு. யார்க் நகரத்துல 'ஸ்டோன்கேட்' ஒரு தெரு. அங்கே 'கேட்'னா தெரு; கோட்டை வாசலுக்குப் பேரு 'பார்'! 'ஆக்சஸ்'க்கு ஒரு பழைய அர்த்தம், திடீர்னு வர்ற காய்ச்சல். 'இஷ்யூ'வுக்கு முதல் அர்த்தமே வெளியே போறது. பத்திரத்துல 'வித்தவுட் இஷ்யூ'ன்னு இருந்தா பிரச்சினை இல்லைன்னு அர்த்தமில்லை சாமி, வாரிசு இல்லைன்னு அர்த்தம் :-)

இதெல்லாம் செத்த சொற்கள்னு புதுச்சேரிக்காரன் யாரும் சொல்ல முடியாது. இங்கிலீஷ் கடன் வாங்கின பிரெஞ்சு நம்ம ஊர்லயே உலாத்துது. பிரெஞ்சுல அவசர வழிக்குப் பேரு 'இஸ்யூ து ஸெகூர்'. காய்ச்சல் கண்டா 'அக்ஸே து ஃபியேவ்ர்'. 'ஆந்த்ரே'ன்னா நுழைவு; பிரெஞ்சு சாப்பாட்டுல முதல்ல வர்ற ஐட்டமும் அதேதான். அமெரிக்காக்காரனுக்கோ அதுதான் மெயின் சாப்பாடு. அவனை யாரும் தப்புன்னு சிவப்பு மையில அடிக்கலை.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். சபரிமலையில "நடை சாத்திட்டாங்க"ன்னு சொல்றோமே, அங்கே யாரு வாக்கிங்கை நிறுத்தினது? 'புழக்கடை'யில என்ன வியாபாரம் நடக்குது? கடைன்னா வாசல், புழைக்கடை, பின்பக்கத்துச் சின்ன வாசல். 'வாசல் தெளிக்கிறது' கதவையா, தெருப்பக்கத்துத் தரையையா? தஞ்சாவூர்ப் பக்கம் சொல்ற 'ரேழி' வேற யாரும் இல்லை, நம்ம 'இடைகழி'தான். முதலாழ்வார் மூணு பேரும் மழை இரவுல நெருக்கி நின்னதா சொல்ற திருக்கோவலூர் இடைகழி, இங்கேருந்து ஒண்ணும் தூரமில்லை.

"அப்படின்னா பழசு மட்டும்தான் சரியா?"ன்னு பின்னூட்டத்துல வருவீங்க, தெரியும். இல்லைங்க. 'புகார்'னா ஆறு கடல்ல புகுற இடம்தான், போலீஸ்ல கொடுக்கிறதைப் புகார்னு சொல்லக்கூடாதுன்னு வம்பு பண்ற தனித்தமிழ் அண்ணன்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அது இந்துஸ்தானியிலேருந்து வந்த வேற சொல். தெருவைக் குறிக்கிற 'கேட்'டும் கதவைக் குறிக்கிற 'கேட்'டும் இங்கிலீஷ்ல ரெண்டு வேற வேற சொற்கள்தான். அவங்க ரெண்டையும் வெச்சுக்கலையா? பத்தியும் சரி, நடையும் சரி. இதான் என் கட்சி.

ஊர்ல பழைய தமிழ் வீடுகளைப் புதுப்பிக்கிறாங்க, சந்தோஷம். ஆனா திறந்ததும் போர்டுல 'காரிடார்', 'கோர்ட்யார்ட்'. சுவரைக் காப்பாத்திட்டு வார்த்தையை இடிச்சுட்டோம். அந்த வார்த்தையை வீட்டுல கேட்டு வளர்ந்த ஒரு பொண்ணு பேப்பர்ல எழுதினா, அதுக்கும் தப்பு. அடுத்த தடவை அவ 'பத்தி'ன்னுதான் எழுதுவா. நடை அன்னியோட சாத்தியாச்சு.

அதனால பதிவர்களே, வாக்குவாதத்தை அப்புறம் வெச்சுக்கலாம். உங்க ஊர்ல வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவுல இருக்கிற இடத்துக்கு என்ன பேரு? பின்னூட்டத்துல ஒரு வரி போட்டுட்டுப் போங்க.

டிஸ்கி: மார்க்கை யாரும் திருப்பிக் கொடுக்கலை. ஆயா இருந்திருந்தா அந்தப் பள்ளிக்கூடத்து நடையிலேயே உட்கார்ந்திருக்கும்.