கலோடனின் விதவைகளும் ஒரு தையற்காரனின் கோபமும்

எங்கள் பத்திரிகைகளில் ஆடை அலங்காரம் என்பது மகளிர் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட விடயம். அரசியல் எழுதுபவர்கள் அந்தப் பக்கத்தை எட்டியும் பார்ப்பதில்லை. நானும் நெடுங்காலம் அந்த வழக்கத்தையே பின்பற்றியவன். ஆனால் ஓர் அரசு ஒரு மக்கள் கூட்டத்தின் உடையைச் சட்டம் போட்டுத் தடை செய்யுமானால், அந்த உடையைப் பற்றி எழுதுவது அரசியல் எழுதுவதுதான். அப்படித் தடை செய்யப்பட்ட ஒரு துணியைக் கையிலெடுத்து, இலண்டனைச் சேர்ந்த அலெக்சாண்டர் மக்குயின் இருமுறை இலையுதிர்காலத் தொகுப்புகள் தயாரித்தார். அவை பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் வரலாறு. 1746 ஏப்ரல் 16ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கலோடன் வெளியில், ஸ்டுவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்றப் போராடிய யாக்கோபியர் படை ஒரு மணி நேரத்துக்குள் நசுக்கப்பட்டது. காயப்பட்டு வீழ்ந்து கிடந்தவர்களும் கொல்லப்பட்டனர். அரச படைக்குத் தலைமை தாங்கிய கம்பர்லாந்துக் கோமகனுக்குக் 'கசாப்புக்காரன்' என்ற பட்டம் நிலைத்தது. அதே ஆண்டிலேயே ஹைலாந்து மலைநாட்டு ஆண்களின் உடையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. கில்ட் எனப்படும் இடுப்புடையையோ, டார்ட்டன் கட்டத்துணியிலான மேலங்கியையோ அணிந்தால் ஆறு மாதச் சிறை. மீண்டும் அணிந்தால் ஏழாண்டு நாடு கடத்தல். 1782இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

இந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. மன்னரின் படையில் சேர்ந்தவர் அந்த உடையை அணியலாம். சொந்த ஊரில் உழுபவனுக்குக் குற்றமாக இருந்த துணி, பேரரசுக்காகச் சுடுபவனுக்குச் சீருடையாயிற்று. தமிழ் மண்ணுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை எதிர்த்துப் போரிட்ட கம்பனிப் படையோடு ஹைலாந்துப் படைப்பிரிவு ஒன்றும் நின்றது. அந்த வீரர்களின் ஊர்களில் அப்போதும் தடை நீங்கியிருக்கவில்லை. தோற்றவனை அடக்கிய கையோடு, அவனைக் கொண்டே அடுத்தவனை அடக்குவது பேரரசுகளின் பழைய வித்தை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட் முன்னின்று ஏற்பாடு செய்த விழாவில் அந்த மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். தடை செய்த வம்சத்தின் வாரிசு, தடை செய்யப்பட்ட உடையில் வலம் வந்தார். 1842இல் பழைய சுவடி ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லி, குலங்களுக்குரிய டார்ட்டன் வடிவங்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியாயிற்று. அந்தச் சுவடி போலி என்பதே ஆய்வாளர் முடிவு. ஆனாலும் அதிலிருந்த வடிவங்கள் பல இன்றுவரை 'பாரம்பரியம்' என்ற பெயரில் விற்பனையாகின்றன. இதே காலப்பகுதியில்தான் ஹைலாந்தில் செம்மறி மேய்ச்சலுக்காகக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். மனிதர்கள் வெளியேற்றப்பட, அவர்களது துணி மாத்திரம் வரவேற்பறைக்குள் வந்து சேர்ந்தது.

மக்குயினைக் கோபப்படுத்தியது இந்த அலங்காரப் பொய்தான். 1969இல் இலண்டனில் பிறந்தவர். தந்தை வாடகைக்கார் ஓட்டுநர். தந்தைவழி முன்னோர் ஸ்கை தீவைச் சேர்ந்தவர்கள் என்பதைக் குடும்ப வரலாற்றில் ஆர்வம் கொண்ட தாயிடமிருந்து அறிந்துகொண்டார். பதினாறு வயதில் சவில் ரோ தையலகம் ஒன்றில் தொழில் பழகத் தொடங்கியவர். 1995 மார்ச்சில் அவர் அரங்கேற்றிய இலையுதிர்-குளிர்காலத் தொகுப்பின் பெயர் 'ஹைலாந்து வன்புணர்வு'. காட்டுச் செடிகள் இறைந்து கிடந்த மேடையில், கிழிந்த லேஸ் ஆடைகளோடும் டார்ட்டன் துண்டுகளோடும் பெண்கள் தள்ளாடி நடந்து வந்தார்கள். பெண்களின் துயரை வேடிக்கையாக்கிவிட்டார் என்று பத்திரிகைகள் சாடின. அது ஸ்கொட்லாந்தை இங்கிலாந்து சூறையாடியதைச் சொல்வது என்று அவர் பதிலளித்தார்.

அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை, இரண்டு காரணங்கள். முதலாவது, வரலாறு அவர் சொன்ன அளவுக்கு எளிதானதல்ல. கலோடனில் அரச படையில் ஸ்கொட்லாந்துக்காரரும் நின்றார்கள். பின்னர் குடியானவர்களை வெளியேற்றிய நிலப்பிரபுக்களில் பலர் அவர்களுடைய சொந்தக் குலத் தலைவர்களே. குற்றம் முழுவதையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டால் வீட்டுக்குள் இருந்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். தோற்ற இனங்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை உண்டு என்பதை நாமும் அறிவோம். இரண்டாவது, நாட்டைப் பெண்ணாகவும் ஆக்கிரமிப்பை அவள் உடல் மீதான வன்முறையாகவும் காட்டுவது பழைய உருவகம். அதில் நாடு தெரியும். அந்தப் பெண் தெரியமாட்டாள். அவளுக்குப் பெயரும் இல்லை, அவள் இழந்தது என்ன என்ற கேள்வியும் இல்லை.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 2006 மார்ச்சில், பாரிஸில் அவரே இதற்குப் பதில் சொன்னார். அந்த ஆண்டின் இலையுதிர்-குளிர்காலத் தொகுப்புக்குக் 'கலோடனின் விதவைகள்' என்று பெயர். மீண்டும் மக்குயின் குலத்தின் டார்ட்டன். ஆனால் இம்முறை கிழிசல் இல்லை. கச்சிதமாக வெட்டித் தைக்கப்பட்ட மேற்சட்டைகள், பறவை இறகுகளால் ஆன ஆடைகள், தலையில் சிறகுகள், மான்கொம்பின் மேல் படர்ந்து விழும் லேஸ் முக்காடு. இறுதியில் கண்ணாடிக் கூம்பு ஒன்றினுள், காற்றில் அலையும் வெண்ணிற ஆடையோடு கேற் மொஸ் என்ற மொடலின் ஒளியுரு தோன்றிச் சுழன்று மறைந்தது. அதன் ஒளிப்பதிவைப் பார்த்தபோது, ஆடை விளம்பரம் ஒன்றைப் பார்க்கிறேன் என்ற நினைவு எனக்குச் சிறிது நேரம் வரவேயில்லை.

பெயர்தான் இங்கு முக்கியம். போர்க்களத்தின் பெயரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். தளபதிகளின் பெயரையும் பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள். அன்று மாலை வீடு திரும்பாதவனுக்காகக் காத்திருந்தவளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மக்குயின் போரை விட்டுவிட்டு அவளிடம் போனார். முதல் தொகுப்பில் உருவகமாக இருந்த பெண், இரண்டாவதில் துக்கம் சுமப்பவளாக நிமிர்ந்து நடந்தாள். போர் கண்ட நாட்டில் செய்தி எழுதிப் பழகியவன் என்ற முறையில், இந்த மாற்றத்தின் பெறுமதி எனக்கு விளங்குகிறது. இறந்தவர் தொகையைத் தலைப்பில் போட்ட நாங்கள், எஞ்சியவர்களை ஆறாம் பக்கத்துக்குத் தள்ளிய நாட்கள் அநேகம்.

ஆனால் இதுவும் வியாபாரம்தானே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006இல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கு குச்சி குழுமத்தின் கையில் இருந்தது. கலோடனில் மடிந்தவர்களின் வழித்தோன்றல்களில் எத்தனை பேரால் அந்த ஆடைகளை வாங்கியிருக்க முடியும்? 1995இன் கோபத்தைச் சகிக்காத அதே உலகம், 2006இன் அழகிய துக்கத்தை எழுந்து நின்று பாராட்டியது என்பதையும் கவனிக்க வேண்டும். துயரம் அழகாக இருந்தால்தான் செல்வந்தர் காதில் விழுகிறது. இது மக்குயினின் குறையல்ல, கேட்பவர்களின் குறை.

இருந்தும் ஒரு வேறுபாட்டை நான் வலியுறுத்துவேன். பிறர் துணியிலிருந்து 'உத்வேகம்' பெற்றதாகச் சொல்லும் நிறுவனங்கள், பெரும்பாலும் அதன் வண்ணத்தை எடுத்துக்கொண்டு வரலாற்றை விட்டுவிடுகின்றன. 1822இல் எடின்பரோவில் நடந்ததும் அதுவே. மக்குயின் துணியோடு வரலாற்றையும் சேர்த்தெடுத்தார். விலைச்சீட்டைப் பார்ப்பவரும் கலோடன் என்ற பெயரைக் கடந்தே போகவேண்டியிருந்தது. 2010 பெப்ரவரியில், நாற்பது வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் அவரது ஆடைகளைக் காண ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அந்தக் கண்காட்சியில் இந்த இரண்டு தொகுப்புகளின் ஆடைகளும் இடம்பெற்றிருந்தன.

ஒரு மக்களின் உடையை எவரும் அணியலாம். அதற்கு யாரிடமும் அனுமதிச்சீட்டு வாங்கவேண்டியதில்லை. ஆனால் அதை அணிந்ததற்காக ஒரு காலத்தில் சிறை சென்றவர்கள் இருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு அணியலாம். அதைச் சொல்லி விற்பவனை வியாபாரி என்று மாத்திரம் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.